ஊரை விட்டு வந்த பாட்டு: நகரத்தில் ஏன் கூடி வாசிக்கிறார்கள்?

கேள்வி: எந்தப் பாட்டையும் நொடியில் கைபேசியில் கேட்க முடிகிற காலத்தில், பெருநகரங்களில் வேலை பார்ப்பவர்கள் வாரம் தவறாமல் ஓர் அறையில் கூடி நாட்டுப்புற இசையைப் பாடுவதும் வாசிப்பதும் எதற்காக? வெறும் ஊர் ஏக்கம்தானா?

ஏக்கம் ஒருவரை முதல் நாள் வாசல்வரை கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். பத்தாவது வாரமும் அவர் வருவதற்கு வேறு காரணம் வேண்டும். ஊர் நினைப்பைத் தீர்க்க ஒலிப்பதிவே போதும். அதற்காக யாரும் வேலை முடிந்த களைப்போடு இரண்டு பேருந்து மாறி வரமாட்டார்கள். மேலும், இப்படிக் கூடுகிறவர்களில் பலருக்கு அந்த இசை பிறந்த மண்ணோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1970களில் புடாபெஸ்ட்டில் கிராமத்து நடன இசையைக் கையில் எடுத்தவர்கள் நகரத்துப் பிள்ளைகள். அவர்கள் ஆசைப்பட்டுக் கற்ற மெட்டுகளில் பல எல்லைக்கு அப்பால், ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் இருந்தன. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பக்திப் பாடல்களை லண்டனில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். இவர்களுக்கு ஏங்குவதற்கு ஊர் ஏது?

காரணத்தை மனிதர்களின் மனதில் தேடுவதற்கு முன் இசையின் அமைப்பில் தேட வேண்டும் என்பது என் கட்சி. தாமஸ் டுரினோ என்ற இசை ஆய்வாளர் 2008ல் வெளியிட்ட நூலில் ஒரு பயனுள்ள பிரிவினை செய்திருக்கிறார்: கேட்பவர்களுக்காக நிகழ்த்தப்படும் இசை ஒன்று, வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொள்வதற்கான இசை இன்னொன்று. முதலாவதில் வாசிப்பு எவ்வளவு நன்றாக இருந்தது என்பது கணக்கு. இரண்டாவதில் எத்தனை பேர் சேர்ந்துகொண்டார்கள் என்பது கணக்கு. நாட்டுப்புற இசையில் பெரும்பகுதி இரண்டாவது வகை. அதனால் அதன் உறுப்புகளே புதிதாக வருகிறவனுக்கு இடம் விட்டுச் செய்யப்பட்டிருக்கின்றன.

அயர்லாந்தின் 'ரீல்' என்ற நடன மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பாதி எட்டு தாள அளவு (தாளம் ஒரு சுற்று வந்தால் ஓர் அளவு), அது இருமுறை. பின்பாதி எட்டு, அதுவும் இருமுறை. மொத்தம் 32. வழக்கமான நடன வேகத்தில் இது முடிய 35 நொடிதான் ஆகும். இந்த முழு மெட்டையும் மூன்று முறை வாசிப்பார்கள், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள், இரண்டு மூன்று மெட்டு சேர்ந்தால் ஒரு கோவை. இப்போது கணக்குப் பாருங்கள்: முன்பாதி இருமுறை, முழு மெட்டு மும்முறை என்றால், ஒரே எட்டு தாள அளவு உங்கள் காதில் ஆறு முறை விழுகிறது. முதல் சுற்றில் கேட்கலாம், இரண்டாவதில் தெரிந்த இடங்களில் மட்டும் கை வைக்கலாம், மூன்றாவதில் பாதியாவது உள்ளே போய்விடலாம். மேடைக்கு முன் அமர்ந்து கேட்பவனுக்குச் சலிப்பாகத் தெரியும் இந்தத் திரும்பத் திரும்ப வருதல், வாசிப்பவனுக்குப் படிக்கட்டு. நாட்டுப்புற இசையைக் கச்சேரியாக மாற்றுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவதும் இதைத்தான்.

இன்னொரு உறுப்பு, எல்லாரும் ஒரே மெட்டைச் சற்றே வேறுவேறாக வாசிப்பது. ஒருவர் அசைவு சேர்ப்பார், ஒருவர் எலும்புக்கூட்டை மட்டும் வாசிப்பார், ஒருவர் ஒரு சுரத்தை விட்டுவிடுவார். ஒலி தடித்து, விளிம்பு கலங்கி இருக்கும். அந்தக் கலங்கலில் தொடக்கக்காரரின் தவறு கரைந்துபோகிறது. நால்வர் வாசிக்கும் செவ்வியல் இசையில் ஒருவர் நின்றால் இசையே நிற்கும். இங்கே ஒருவர் இருமினாலும், தண்ணீர் குடிக்க எழுந்தாலும், நடுவில் வழி தவறினாலும் மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து அடுத்த சுற்றில் ஏறிக்கொள்ளலாம். இதனுடன் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கப் பலர் ஏந்திப் பாடும் பாட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். முன்பாட்டுக்காரருக்கு நூறு அடி மனப்பாடம் இருக்க வேண்டும், பின்பாட்டுக்காரருக்கு ஒரே அடி போதும். இரண்டு பேரும் அந்தப் பாட்டுக்குத் தேவை.

இதன் உச்சம் 'சேக்ரட் ஹார்ப்' எனப்படும் பாடல்முறை. 1844ல் ஜார்ஜியாக்காரர்கள் இருவர் தொகுத்த பாட்டுப் புத்தகத்தின் பெயரே முறைக்கும் பெயராகிவிட்டது. புத்தகத்தில் அச்சிட்ட சுரக்குறிகளுக்கு நான்கே வடிவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரப்பெயர்: முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி. நான்கு குரல் வகையினரும் சதுரத்தின் நான்கு பக்கங்களில் உள்முகமாக உட்காருவார்கள். நடுவில் நின்று ஒருவர் கையசைத்துத் தாளம் போடுவார். பாட்டை முதலில் சுரப்பெயர்களால் ஒருமுறை பாடிவிட்டு, அப்புறம்தான் சொற்கள். நடுவில் நிற்பவர் பாட்டுக்குப் பாட்டு மாறுவார், நேற்று வந்தவரும் நிற்கலாம். ஒத்திகை கிடையாது. பார்வையாளர் வரிசையும் கிடையாது. நாற்காலிகள் எல்லாம் உள்ளே பார்த்திருப்பதால் வெளியிலிருந்து கேட்பவருக்கு இந்த ஒலி சற்றுக் கரடாகவே இருக்கும். மிக நன்றாகக் கேட்கும் இடம் அந்த நடுப்புள்ளிதான். ஒலி எந்தத் திசையை நோக்கிப் போகிறது என்று பார்த்தாலே அந்த இசை யாருக்காக என்று தெரிந்துவிடும்.

சரி, இது கிராமத்துக்கும் பொருந்துமே, நகரத்தில் மட்டும் என்ன விசேஷம்? கிராமத்தில் இந்த இசை பெரும்பாலும் யாருடைய விருப்பமும் அல்ல. நடவுக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. யார் எந்தக் கருவியைத் தொடுவது என்பது பிறப்பிலேயே முடிவாகியிருந்த இடங்களும் ஏராளம். அது வேலை, கடமை, சில இடங்களில் சுமத்தப்பட்ட இழிவு. நகரம் அந்தக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்தது. அவிழ்ந்ததில் பெரும்பகுதி செத்தது. மிஞ்சியது விருப்பமாக மாறியது. ஆகவே நகரத்து நாட்டுப்புற இசையைக் கிராமத்து இசையின் மங்கிய நகல் என்று பார்ப்பது தவறு. மெட்டு ஒன்றாக இருக்கலாம், செயல் வேறு.

இதற்கு நல்ல சான்று அயர்லாந்துக்காரர்களின் 'செஷன்'. மதுக்கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து வாசிக்கும் அந்தப் பழக்கத்தைப் பலரும் நூற்றாண்டுப் பழமை என்று நினைக்கிறார்கள். அது இன்றைய உருவில் வளர்ந்தது 1940களின் இறுதியிலும் 50களிலும், லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போன அயர்லாந்துத் தொழிலாளர்களிடையே. சொந்த ஊரில் அவர்கள் அடுப்படியிலும் நாற்சந்திகளிலும் நடனத்துக்காக வாசித்தவர்கள். லண்டனில் தங்கியதோ வாடகை அறைகள். நாலு பேர் உட்கார இடமில்லை, வயலினை எடுத்தால் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பொதுவான ஓர் இடம் வேண்டியிருந்தது, மதுக்கூடம் கிடைத்தது. ஆட்டம் விடுபட்டது, உட்கார்ந்து வாசிப்பது நிலைத்தது. பிறகு அந்த வழக்கம் அயர்லாந்துக்கே திரும்பிப் போனது. 1951ல் தொடங்கிய கோல்டஸ் அமைப்பு விழாவும் வகுப்புமாக அதை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

புடாபெஸ்ட் கதை வேறு மாதிரி. அங்கே 1972 மே 6 அன்று முதல் 'தான்சாஸ்', அதாவது நடன வீடு, கூடியது. திரான்சில்வேனியாவில் சேக் என்ற கிராமத்தில் இளைஞர்கள் ஆடிய வழக்கம்தான் முன்மாதிரி. இசைக்கு ஷெபோ ஃபெரென்ஸ், ஹால்மோஷ் பெலா என்ற இருவர் முன்னின்றார்கள். முதலில் மேடை நடனக் குழுக்களுக்குள் நடந்தது, சீக்கிரமே பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது. அரசு நடத்திய பகட்டான மேடை நாட்டுப்புறக் கலையைப் பார்த்துச் சலித்த இளைஞர்களுக்கு, வேடமும் ஒப்பனையும் இல்லாமல், போட்ட சட்டையோடு ஆடலாம் என்பதே பெரிய விடுதலையாக இருந்தது. இந்த முறை வெற்றிபெற்றதற்கு ஒரு கருவியும் காரணம்: 'கோன்ட்ரா'. வயோலாதான், ஆனால் மூன்றே தந்தி, அதைத் தாங்கும் பாலம் வளைவில்லாமல் தட்டை. வில்லை வைத்தால் மூன்று தந்தியும் ஒன்றாக ஒலிக்கும். மெட்டு வாசிக்கத் தெரியாதவரும் சில விரல் நிலைகளைக் கற்றுக்கொண்டு தாளத்தோடு வில்லை இழுத்தால் குழுவில் ஒருவர். வயலின், கோன்ட்ரா, பெரிய பாஸ், இந்த மூன்று போதும் கூடம் நிறைய ஆட்டத்துக்கு. 2011ல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. கலை வடிவம் என்றல்ல, மரபைக் காக்கும் நல்ல முறை என்று. சரியான தலைப்பில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் பொய்யாகிவிடும். பலர் கருவியைக் கையில் எடுப்பது தன்மானத்துக்காக. 1970, 80களில் கொரியப் பல்கலைக்கழக மாணவர்கள் உழவர்களின் 'புங்முல்' தாளக் கருவிகளைக் கற்றது ராணுவ ஆட்சிக்கு எதிரான இயக்கத்தோடு சேர்ந்தே நடந்தது. தெருப் போராட்டத்தில் ஒலிபெருக்கி பிடுங்கப்பட்டாலும் மேளம் கேட்கும். ஜப்பானில் பல தைக்கோ மேளங்களைச் சேர்த்து ஒரே குழுவாக வாசிக்கும் முறையை 1951ல் தொடங்கியவர் ஒகுச்சி தைஹாச்சி, ஜாஸ் டிரம் வாசித்தவர். அந்த முறை 1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவுக்குப் போனபோது அதைப் பற்றிக்கொண்டவர்களில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்த ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைய. ஜப்பானிய மேளம் வாங்க வசதியில்லாமல் ஒயின் பீப்பாய்களில் தோல் கட்டி வாசித்தார்கள். நம் பறையும் இந்த வரிசைதான். சாவுக்கு அடிக்க வேண்டும் என்று ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட கருவியை, அடிக்க மாட்டோம் என்று ஊரில் மறுத்தவர்களும் உண்டு. அதையே விடுதலையின் கருவியாக நகரத்து மேடையிலும் வீதியிலும் முழக்கியவர்களும் உண்டு. இரண்டும் ஒரே கோபத்திலிருந்து வந்தவை. இன்று வார இறுதியில் பறை கற்கும் மென்பொருள்காரர் அந்த வரலாறு தெரியாமல் அடித்தால் அது உடற்பயிற்சிதான். அவருக்கு அதைச் சொல்லித்தராத பயிற்சியாளர்மீதும் பாதித் தவறு உண்டு.

உடம்பின் பங்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்கிய வகுப்புகளை ஏழு மாதம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2015ல் வெளிவந்தது. பாட்டு வகுப்பு ஒருபுறம், கைவினை, எழுத்து வகுப்புகள் மறுபுறம். ஏழு மாத முடிவில் எல்லா வகுப்புகளிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒரே அளவு. வித்தியாசம் தொடக்கத்தில்தான்: பாடியவர்கள் மிகச் சீக்கிரம் நெருங்கிவிட்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகுவதற்கு முன்பே ஒரே மூச்சில் பாடிவிடுகிறார்கள். யாரையும் தெரியாத நகரத்தில், மூன்று மாதத்தில் வேலை மாறி வேறு பேட்டைக்குப் போகக்கூடியவருக்கு, இந்த வேகம் சின்ன விஷயமில்லை. பெயர் தெரியாமலே ஒருவரோடு ஒரு வருஷம் வாசித்திருப்பவர்கள் உண்டு.

இவ்வளவும் நடக்க வட்டம் சரியாக அமைய வேண்டும். அங்கேதான் பல குழுக்கள் சறுக்குகின்றன.

வட்டத்தின் அகலம் முதல் விஷயம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மூன்று மீட்டர் தள்ளி இருப்பவரின் அடி உங்களுக்கு 9 மில்லிநொடி தாமதமாக வரும், தெரியாது. பத்து மீட்டர் என்றால் 29 மில்லிநொடி. இந்த இடத்தில் தாளம் இழுபடத் தொடங்கும். ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கத்துக்குக் காத்திருப்பார்கள், மொத்த வேகமும் படிப்படியாகக் குறையும். பெரிய கூடத்தில் சுவரோரமாக நாற்காலி போட்ட குழு ஏன் எப்போதும் மந்தமாக வாசிக்கிறது என்றால் இதனால்தான். முழங்கால் முட்டுகிற அளவுக்கு நெருங்கி உட்காருங்கள். ஆள் கூடினால் வட்டத்தை அகலமாக்காமல் பின்னால் இரண்டாவது வட்டம் போடுங்கள். தாளக்காரர்கள் ஓரத்தில் வேண்டாம், எல்லாருக்கும் சம தூரமான இடத்தில் இருக்கட்டும்.

தாளக் கருவி பெருகுவது இரண்டாவது நோய். மெட்டுக் கருவி கற்க வருடங்கள் ஆகும், மேளம் சுலபம் என்று நினைத்துப் புதியவர்கள் எல்லாரும் மேளத்தோடு வருவார்கள். மெட்டு இசைக் கூட்டத்தில் ஒரே நேரத்தில் ஒரு மேளம்தான். மற்றவர்கள் முறை வைத்து மாற்றிக்கொள்ளலாம். மேளமே முதன்மையான குழுவில் சிக்கல் வேறு: மூடிய அறை காதைக் கெடுக்கும். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கப் பணிநல நிறுவனத்தின் பரிந்துரை. 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். அறைக்குள் ஐந்தாறு தோல் மேளம் சேர்ந்தால் 100 சாதாரணம். திறந்தவெளிக்கு மாறுங்கள், முடியாவிட்டால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், பயிற்சியில் பாதியைக் குச்சி இல்லாமல் வாயால் சொல்கட்டாகச் சொல்லி முடியுங்கள். வாயில் வராத அடி கையிலும் வராது என்பதால் இதில் நஷ்டமில்லை.

தோல் கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும். ஈரக்காற்றில் தோல் நீர் உறிஞ்சித் தளரும், ஒலி பொத்தென்று விழும். நெருப்பில் காய்ச்சினால் விறைக்கும். நகரத்து அறையிலும் பூங்காவிலும் தீ மூட்ட விடமாட்டார்கள். சூடான காற்று ஊதும் கருவியைக் கையகல தூரத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டலாம். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே மட்டும் இறுகி, அடுத்த அடியில் விளிம்போரம் கிழியும். குளிரூட்டிய அறை தலைகீழ்: காற்று வறண்டு தோல் தானாக இறுகும், ஆகவே காய்ச்சிய கருவியை அங்கே கொண்டுபோகாதீர்கள். செயற்கைத் தோல் இந்தத் தொல்லையெல்லாம் இல்லாதது. ஒலியில் அடிவயிற்றின் கனம் குறையும். பயிற்சிக்குச் செயற்கை, நிகழ்வுக்குத் தோல் என்று இரண்டு வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

குழுக்கள் உடைவதற்கு மிகப் பெரிய காரணம் வேகம். நன்றாக வாசிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்ததும் வேகம் ஏறும். புதியவர்களால் ஏற முடியாது, சும்மா உட்கார்ந்திருப்பார்கள், மூன்றாவது வாரம் வரமாட்டார்கள். இரண்டு வருடத்தில் அந்த நாலு பேர் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களில் ஒருவருக்கு இடமாற்றம் வந்தால் கதை முடிந்தது. வேகத்தைக் குறைக்கச் சொன்னால் தேர்ந்தவர்கள் சலித்துப் போவார்கள், அதுவும் நியாயம். வேலை செய்யும் தீர்வு நேரத்தைப் பிரிப்பது: முதல் ஒரு மணி நேரம் மெட்டு வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கு, நாலைந்து சுற்று, அடுத்த ஒன்றரை மணி நேரம் முழு வேகம். முதல் மணியில் தேர்ந்தவர் ஒருவராவது கட்டாயம் உட்கார வேண்டும். இல்லையென்றால் தவறான மெட்டே பத்துப் பேருக்கும் படிந்துவிடும், அப்புறம் உதிர்ப்பது கடினம்.

புதிதாகச் சேர நினைப்பவருக்குச் சொல்வது கொஞ்சம்தான். முதல் இரண்டு கூட்டத்தில் கருவியைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். எந்த மெட்டு அடிக்கடி வருகிறது, யார் தொடங்குகிறார், முடிக்கப் போவதை எப்படிக் கண் காட்டுகிறார் என்று கவனியுங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொண்டு, அதிகம் வந்த மெட்டு ஒன்றை மட்டும் பிடியுங்கள். கருவியைத் தொடும் முன் அதை முணுமுணுக்க வர வேண்டும். பிறகு தாளம் விழும் இடத்துச் சுரங்களை மட்டும் வாசியுங்கள், இடையில் உள்ளவை தானாக வந்து நிரம்பும். வாரம் ஒரு மெட்டு போதும், வருடக் கடைசியில் கையில் ஐம்பது இருக்கும். தாளில் எழுதிய சுரத்தைப் பார்த்துக் கற்றால் சீக்கிரம் வரும். ஆனால் எந்த அடி சற்று நீள்கிறது, எது சற்று முந்துகிறது என்பதைத் தாள் சொல்லாது, அந்த ஊசலாட்டத்தில்தான் மெட்டின் ஊர் தெரியும். தாளை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். தலை குனிந்து தாளைப் பார்ப்பவருக்கு எதிரே இருப்பவர் கண் காட்டுவது தெரியாது, எல்லாரும் நிறுத்திய பிறகு அவர் மட்டும் வாசித்துக்கொண்டிருப்பார்.

நடத்துகிறவர்களுக்கு ஒன்று. ஆர்வம் வற்றி மூடிய குழுக்களை விட இடம் போய் மூடியவை அதிகம். கூடம் விற்கப்படும், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து புகார் வரும், சாவி வைத்திருந்தவர் வெளிநாடு போய்விடுவார். கிழமையையும் நேரத்தையும் எந்தக் காரணத்துக்கும் மாற்றாதீர்கள். நாலு வாரம் வராதவர் ஐந்தாம் வாரம் யாரையும் கேட்காமல் வந்து சேர வேண்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். மாற்று இடம் ஒன்றை, தேவைப்படுவதற்கு முன்பே, ஒருமுறை அங்கே கூடி வாசித்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.